கால்நடைகளுக்குப் பழம் ஊட்டுதல்: அளவும் அபாயமும்

தாமிரபரணிப் பாய்ச்சலில் வாழை பயிராகாத கிராமத்தைக் காண்பது அரிது. பொதிகை மலையிற் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்நதி சுமார் 128 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறதாயினும், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாகவுள்ள எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் மூலமாக நெல்லையும் வாழையையும் ஒருங்கே வளர்த்து வருகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஆழ்வார்திருநகரி, ஏரல் முதலிய பக்கங்களில் நாட்டு வாழையும் கதலியும் கோழிக்கூடும், களக்காட்டுப் பக்கத்தில் ஏத்தனும் பெருவாரியாகப் பயிராகின்றன. இஃதன்றி, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி நிலங்களில் பனையும், மேற்கு மலையடிவாரத்தில் பலாவும் மாவும், கிழக்கே கரிசல் காட்டில் சீமைக் கருவேலும் உள்ளன. ஆக, வருஷத்தில் ஏதேனும் ஒரு பழமோ நெற்றோ மனிதர் தேவைக்கு மிஞ்சிக் கிடக்காத மாதமே இந்தப் பிரதேசத்தில் இல்லை எனலாம்.

மிஞ்சியதை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கம் தன்னளவில் குற்றமுடையதன்று. பழம் பிராணிகளுக்கு ருசியான ஆகாரம். அளவறிந்து கொடுத்தால் பலமும் தரும். ஆனால் இக்காலத்தில் அது கொடுக்கப்படும் மாதிரி, அதாவது விலை விழுந்த நாளில் வண்டி வண்டியாகக் கொட்டிவிடுவதும், கிடைக்காத நாளில் ஒரு தோலும் கொடாதிருப்பதும், உபகாரத்தை அபகாரமாக்கிவிடுகிறது. பழத்தால் மாளும் பிராணி விஷத்தால் மாளவில்லை. எஜமானனுடைய அளவின்மையால் மாளுகிறது. இதைத் தடுக்கப் பணம் வேண்டியதில்லை. சிறிது முன்யோசனையும் கட்டுப்பாடுமே போதும் என்பதைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் உணர்தல் அவசியம்.

பழம் பகையாவது எங்ஙனம்

பசுவும் ஆடும் அசைபோடும் ஜாதி. அவற்றின் பெருவயிறு வெறும் பையன்று. கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து, வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்து ஆகாரமாக மாற்றித் தரும் ஒரு பாண்டம். பெரிய பசுவின் பெருவயிறு நூறு லிட்டர் கொள்ளளவையும் எட்டக்கூடியது. நார்த்தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்பவை. புளிப்பு மிகுந்தால் அவை வாழா. சர்க்கரையையும் மாவையும் உண்ணும் நுண்ணுயிர்களோ வெகு வேகமாகப் பெருகுபவை.

வழக்கமாக வைக்கோல் தின்னும் மாடு ஒருநாள் திடீரென்று ஒரு குலைப் பழத்தைத் தின்றுவிடுமானால், இந்த இரண்டாம் வகை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திற்குள் எல்லையின்றிப் பெருகி, தயிரைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலத்தைப் பெருவயிறு முழுவதும் உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் உட்சுவர் வெந்து புண்ணாகிறது. உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. கடுமையாகக் கண்ட பிராணி ஒன்றிரண்டு நாட்களில் இறக்கும். தப்பிப் பிழைத்தாலும் குளம்பு நோயும் ஈரல் கட்டியும் பின்தொடர்வதுண்டு.

பழுத்த வாழைப்பழத்தின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரையும் மாவுமே. புரதம் நூற்றுக்கு 1 பங்கு அளவே. பத்து கிலோ சதையைத் தின்ற மாடு சுமார் 2 கிலோ சர்க்கரையைத் தின்றதற்கு ஒப்பாகும். எந்தக் குடியானவனும் தன் மாட்டுக்கு 2 கிலோ சர்க்கரையை ஒரே வேளையில் கொடுக்கத் துணியமாட்டான். ஆனால் அதையே பழமாகக் கொடுக்கும்போது மனம் கூசுவதில்லை. தை மாதத்தில் பொங்கலை ஒட்டி, மிஞ்சிய பொங்கலையும் சோற்றையும் பழத்தையும் உண்டு வயிறு உப்பிய மாடுகள் வைத்தியசாலைக்கு வருவது மிருக வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். மாட்டைப் பூஜிக்கும் நாளே மாட்டுக்கு நோய் தரும் நாளாவது வருந்தத்தக்கது.

முன்னோர் கொடுக்கவில்லையா?

இங்ஙனம் சொல்லும்போது, “பாட்டன் காலத்திலும் மாட்டுக்குப் பழம் கொடுத்தார்கள், ஒன்றும் நேரவில்லையே” என்று ஆக்ஷேபிப்பவர் உண்டு. ஆக்ஷேபம் நியாயமானதே, ஆனால் இரண்டு காலத்து நிலைமையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

முற்காலத்து மாடு பகலெல்லாம் புறம்போக்கிலும் கரையிலும் மேய்ந்து, நார்த்தீவனத்தால் வயிறு நிரம்பி மாலையில் வீடு திரும்பும். வாசலில் அதற்குக் கிடைத்தது ஒன்றிரண்டு பழமும் கைப்பிடித் தோலுமே. வாழையும் இன்றுபோல் நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒரே சமயத்தில் குலை தள்ளவில்லை. இக்காலத்திலோ மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. கலப்பினப் பசுக்கள் தொழுவத்தில் கட்டியபடியே பிண்ணாக்கும் தவிடும் உண்டு பால் கொடுக்கின்றன. ஏற்கெனவே மாவுத் தீவனம் மிகுந்த வயிற்றில் பழமும் சேருமானால், நிரம்பிய குளத்தின் கரை சிறு மழைக்கும் உடைவது போலத்தான் முடியும்.

காட்டு மிருகங்கள் பழம் தின்னவில்லையா என்பது மற்றோர் ஆக்ஷேபம். அவை மரத்தின் கீழ் உதிர்ந்ததை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி, இடையிடையே தழையையும் பட்டையையும் கடிக்கின்றன. பருவம் தொடங்கும்போது சிறிதும், நடுவில் மிகுதியும், முடிவில் குறைவுமாகக் கிடைப்பதால் அவற்றின் வயிறும் படிப்படியாகப் பழகுகிறது. தொட்டியில் குவியலாகக் கொட்டுதல் இயற்கையின் வழியன்று.

குலைக் குவியலும் பிறர் ஆடும்

மேல்காற்று வீசும் மாதங்களில், தாரோடு சாய்ந்த வாழைகள் இப்பகுதியில் ஆண்டுதோறும் காணும் நஷ்டம். அறுவடைக் கூலிக்கும் கட்டாதபடி விலை விழுவதும் உண்டு. இவ்விரு சமயங்களிலும் நிலச் சொந்தக்காரர்கள் குலைகளை வெட்டி வரப்பிலோ சாலை ஓரத்திலோ குவித்துவிட்டு, “மாடு, ஆடு தின்று போகட்டும்” என்று விட்டுவிடுகின்றனர். இதை ஒரு தர்மமாகவே பலர் எண்ணுகின்றனர்.

இங்கேதான் கவனிக்கவேண்டிய நியாயம் ஒன்றிருக்கிறது. தன் தொழுவத்து மாட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நிலச் சொந்தக்காரர் தம் கண் பார்த்துத் தீர்மானிக்கலாம். சாலை ஓரக் குவியலில் வாய் வைப்பதோ, பெரும்பாலும் நிலமற்ற ஏழைகளின் ஆடுகள். ஐந்தாறு ஆடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒருத்தி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் அவை குவியலில் புகுந்து வயிறு புடைக்கத் தின்றுவிட்டால், மறுநாட் காலை அவள் முதலே போய்விடுகிறது. கன்னி ஆடும் கொடி ஆடும் தென் ஜில்லாக்களின் சொத்து. வறட்சியைத் தாங்குவதில் பெயர் பெற்றவை. ஆனால் வறட்சியைத் தாங்கும் வயிறு திடீர் விருந்தைத் தாங்குவதில்லை. உயரமாக மேய்ந்து பலவகைத் தழையைச் சிறிது சிறிதாக உண்ணுவதே ஆட்டின் சுபாவம். இனிப்பான குவியலைக் கண்டால் அதற்கு நிதானம் இராது.

ஆகையால், திறந்த வெளியில் பழத்தைக் குவித்து வைப்பதைத் தர்மம் என்று கொள்ளலாகாது. கிணற்றை வெட்டிக் கைப்பிடிச் சுவர் எழுப்பாது விடுவதற்கு ஒப்பான அஜாக்கிரதை என்றே அதைக் கருதவேண்டும். குவித்தவர் அதை மூடவோ, நறுக்கி உலர்த்தவோ, எருக்குழியில் சேர்க்கவோ கடமைப்பட்டவர்.

2023 ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. வாழைத் தோட்டங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்திற்குப் பின் மிஞ்சும் பழம் சாதாரணப் பழத்தைவிடப் பன்மடங்கு அபாயமானது. ஏனெனில் சேறும் சாக்கடையும் பூஞ்சைக் காளானும் அதிற் சேர்ந்திருக்கும். பூஞ்சைக் காளானின் நஞ்சு கழுவினாலும் உலர்த்தினாலும் போவதில்லை. வெள்ளத்தில் நனைந்து அழுகியதை எருவாக்குவதன்றி வேறு வழி தேடலாகாது.

பனம்பழம், பலா, மாங்கொட்டை

தேரிப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் உதிரும் பனம்பழத்தை மாடுகள் விரும்பித் தின்கின்றன. நாரோடு கூடிய இதன் சதை வாழைப்பழத்தைப்போல் விரைவில் விழுங்கக்கூடியதன்று. சப்பித் தின்னும் மாட்டுக்கு நேரம் பிடிப்பதால் அளவு தானே கட்டுப்படுகிறது. இங்கே பயம் சர்க்கரையைவிடக் கொட்டையினால் அதிகம். பசிகொண்ட மாடு அவசரத்தில் முழுதாக விழுங்க முயலும்போது கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாங்கொட்டையும், முழு மாங்காயும், பெரிய கிழங்குகளும் இவ்வாறே அடைப்பன. தொண்டை அடைத்த மாட்டின் வாயில் எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டும், பெருவயிற்று வாயு வெளிவர வழியின்றி இடது பக்கம் உப்பி, சில மணி நேரத்தில் மூச்சு முட்டி இறக்கவும் கூடும். ஆகையால் பனம்பழத்தைப் பிசைந்து கொட்டை நீக்கியும், மாம்பழத்தைக் கொட்டை நீக்கி அறுத்தும் கொடுத்தல் நலம்.

பலாவின் சுளையும் சக்கையும் தென்காசி ஜில்லாவின் மலையடிவாரத்தில் மிகுதி. மேல்தோலையும் சடையையும் நறுக்கி வைக்கோலோடு கலந்து கொடுப்பதில் தீங்கில்லை. பழுத்த சுளையோ வாழைப்பழத்தினும் இனிப்பு. விருந்து முடிந்த வீட்டில் மிஞ்சிய சுளைகளை ஒரே மாட்டின் முன் கொட்டுவது அதற்குச் செய்யும் துரோகமாகும்.

சீமைக் கருவேல நெற்று

அமெரிக்க நாடுகளிலிருந்து 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், இன்று விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசலிலும் வறண்ட குளங்களிலும் அடர்ந்துவிட்டது. அதன் மஞ்சள் நெற்றில் சர்க்கரை நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாதும் புரதம் சுமார் 12 பங்கும் இருப்பதால், கோடையில் அதனை நல்ல தீவனம் என்று சொல்வது பொய்யன்று. ஆயினும் அதனையே முழு ஆகாரமாக நெடுநாள் தின்ற மாடுகளுக்குத் தாடையை அசைக்கும் நரம்பு கெட்டு, முகம் ஒருபுறம் சாய்ந்து, அசைபோட முடியாமல் இளைத்துப்போகும் நோய் உண்டாவது பிரேஸில் தேசத்தில் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. நோய் முற்றிய மாடு தேறுவது அரிது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்நெற்று மிகாதிருக்குமாறு பார்த்துக்கொள்வதே யுக்தமாகும்.

மற்றொன்றையும் நிலச் சொந்தக்காரர்கள் கவனிக்கவேண்டும். நெற்றை முழுதாகத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் விதை கெடாமல் வெளிப்பட்டு, கிடை போட்ட வயலெல்லாம் முளைக்கிறது. எருவுக்காகக் கிடை போட்டவர் களையையும் விதைத்துக்கொண்டவராகிறார். நெற்றை நன்கு உலர்த்தி இடித்தோ அரைத்தோ கொடுத்தால் விதையும் தீவனமாகும், நிலமும் தப்பும். இந்நாட்டு மரமாகிய உடையின் நெற்றும், தூங்குமூஞ்சி நெற்றும் ஆடுகளுக்கு ஏற்றவையே; அவற்றிற்கும் அளவு உண்டு.

சிறு பிராணிகள்

பட்டணங்களிலும் இப்போது கிராமங்களிலும் பிள்ளைகள் முயலையும், கினிப்பன்றி என்றும் சொல்லப்படும் சீமைப் பெருச்சாளியையும் செல்லமாக வளர்க்கின்றனர். சிறு பிராணிதானே என்று பெரியவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. பிள்ளைகளோ தாங்கள் தின்னும் பழத்தையெல்லாம் அன்பினால் ஊட்டிவிடுகின்றனர். மாட்டின் விஷயத்தில் சொன்ன நியாயம் இங்கே இன்னும் விரைவாகப் பலிக்கிறது; ஏனெனில் முழு வளர்ச்சி பெற்ற சீமைப் பெருச்சாளியின் எடை 1 கிலோ அளவே.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் பல்லாயிரம் வருஷங்களாக மாமிசத்துக்காக வளர்த்துவந்த பிராணி இது. புல்லே இதன் ஆகாரம். இது அசைபோடும் ஜாதியன்று. ஆனால் குடலின் பின்பகுதியிலுள்ள பெரிய பையில் புல்லை நொதிக்கச் செய்து வாழ்கிறது. இனிப்பு மிகுந்தால் அந்தப் பையில் கெட்ட கிருமிகள் பெருகிக் கழிச்சலும் உப்பசமும் உண்டாகும். வாந்தியெடுக்கும் சக்தியும் இதற்கில்லை. உட்கொண்ட தீங்கை வெளியேற்ற வழியில்லை. பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால், முரட்டுப் புல்லைக் கடித்துத் தேய்க்காவிடில் அவையே வாயை அடைத்துப் பட்டினி போட்டுவிடும். மென்மையான பழம் புல்லுக்கு ஒருபோதும் ஈடாகாது.

ஆயினும் பழத்தை அறவே விலக்குவதற்கும் இதனிடத்தில் இடமில்லை. மனிதனைப் போலவே சீமைப் பெருச்சாளியும் ‘சி’ வைட்டமினைத் தன் உடலில் உற்பத்தி செய்துகொள்ள இயலாத பிராணி. 1907 ஆம் வருஷத்தில் நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இரு அறிஞர்கள் தானியம் மட்டுமே ஊட்டிய சீமைப் பெருச்சாளிகளுக்கு ஸ்கர்வி நோய் காண்பதையும், முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு முதலியவற்றால் அது தீர்வதையும் கண்டறிந்தனர். மனித குலத்தை நெடுங்காலம் வாட்டிய ஒரு நோயின் மர்மம் இப்பிராணியின் மூலமாகவே துலங்கிற்று. அதன் தேவை நாளொன்றுக்கு, கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை. கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் இச்சத்து இருப்பதால், சுமார் 10 கிராமுள்ள ஒரு சிறு துண்டே அன்றைய தேவைக்கு ஏறக்குறைய ஈடாகும். வாழைப்பழத்திலோ 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் கூட இல்லை, சர்க்கரையே மிகுதி. ஆகவே பிள்ளைகள் முதலில் நீட்டும் பழம் இதற்குக் கடைசியில் வைக்கத்தக்கதாகிறது. குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லித் தழையும் அன்றாடத்துக்கு ஏற்றவை. இனிப்புப் பழம் வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை, ஒரு சிறு துண்டு என்பதே போதுமான அளவு. முயல் தனக்கு வேண்டிய ‘சி’ வைட்டமினைத் தானே உற்பத்தி செய்துகொள்வதால், அதற்குப் பழம் விருந்தேயன்றித் தேவையன்று.

புதுப் பழங்களுக்கு நான்கு கேள்விகள்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியானும் கடைகளில் நிறைகின்றன. டிராகன் பழமும், வெண்ணெய்ப் பழமும் பட்டணக் கடைகளில் சாதாரணமாகிவிட்டன. பழக்கமில்லாத பழம் ஒன்றை எந்தப் பிராணிக்கும் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, சதையிலேயே நஞ்சு உண்டா? வெண்ணெய்ப் பழத்திலும் அதன் இலையிலும் தோலிலும் உள்ள ஒரு பொருள், ஆடு, முயல், சீமைப் பெருச்சாளி, குதிரை, பறவைகள் ஆகியவற்றின் இருதயத் தசையைக் கெடுப்பது. பால் கொடுக்கும் ஆடுகளின் மடியை வீங்கச் செய்வது. மனிதருக்குப் பத்தியமான பழம் பிராணிக்கு மரணமாவதற்கு இதுவே தக்க உதாரணம். மஞ்சள் அரளிக் காயும், எட்டிக்காயும், ஊமத்தங்காயும் எல்லாருக்குமே நஞ்சு. மலையடிவாரத்து உண்ணிச் செடி ஈரலைக் கெடுப்பது. இவற்றை வேலியோரத்தில் வைத்துக்கொண்டு அங்கே கன்றைக் கட்டலாகாது.

இரண்டாவது, விதையில் தீங்கு உண்டா? சீத்தாப்பழத்தின் சதை இனியது. விதையோ பேனைக் கொல்லப் பயன்படுவது. ஆப்பிளின் விதையிலும், பிளம்ஸ் முதலியவற்றின் கொட்டைப் பருப்பிலும் ஸயனைடு விளைவிக்கும் பொருள் உண்டு. சிறு பிராணிகளுக்கு எந்தப் பழமாயினும் விதை நீக்கியே கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, புளிப்பும் துவர்ப்பும் எவ்வளவு? நட்சத்திரப் பழத்தில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சிறுநீரகத்துக்குத் தீங்கு. மங்குஸ்தான் தோட்டில் துவர்ப்பு மிகுதி. அது தொட்டியில் சேரலாகாது.

நான்காவது, பழம் எங்கிருந்து வந்தது? பூச்சிமருந்து தெளித்துக் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்ததா? கல் வைத்துப் பழுக்கச் செய்ததா? வாழைக்குக் குருணை மருந்து இட்ட தோட்டத்துக் கழிவா? சந்தைக் குப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையோடு வந்ததா? இவற்றிற்கு விடை தெரியாவிடில், கொடாதிருப்பதே விவேகம்.

கொடுக்கும் முறை

பசும் புல்லும் வைக்கோலுமே சோறு, பழம் ஊறுகாய். இந்த ஒரு வாக்கியத்தை மனத்திற் கொண்டால் மற்ற விதிகள் தாமே விளங்கும். மொத்த உலர் தீவனத்தில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீவனம் இருக்கவேண்டும். பழம் கொடுப்பதற்கு முன் வைக்கோலால் வயிற்றைப் பாதியாவது நிரப்பவேண்டும். பழக்கமில்லாத ஆட்டுக்கு முதல் நாள் ஒன்றிரண்டு பழத்திற்கு மேலும், மாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேலும் கொடுக்கலாகாது; பின் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, நாள் முழுமைக்கும் இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து கொடுக்கலாம். நோயுற்றதற்கும், கன்று ஈனும் தறுவாயில் உள்ளதற்கும், இளங்கன்றுக்கும் கூடாது. பிண்ணாக்கும் தவிடும் மிகுதியாகத் தின்னும் கறவைக்குப் பழம் சேர்க்கும் நாளில் மாவுத் தீவனத்தைக் குறைக்கவேண்டும்.

மிஞ்சிய குலைகளை வீணாக்காதிருக்க வழியுண்டு. காயாக உள்ளவற்றைச் சீவி வெயிலில் உலர்த்தி வைத்தால் பல மாதங்களுக்குச் சிறிது சிறிதாகக் கலந்து போடலாம். நறுக்கிய காயையும் தண்டையும் வைக்கோலோடு கலந்து காற்றுப் புகாதபடி குழியில் அழுத்தி மூடினால் ஊறுகாய்த் தீவனமாகும். அழுகியது சாணத்தோடு சேர்ந்து எருவாகும்; வாழைக் கழிவில் சாம்பல் சத்து மிகுதியாதலால் அந்த எரு மீண்டும் வாழைக்கே உதவும். ஒரு நாள் மாட்டின் வயிற்றில் கொட்டித் தீர்ப்பதைவிட, மூன்று மாதம் வைத்து ஊட்டுவது சிக்கனம் என்பதில் ஐயமில்லை.

நோய் கண்டால்

மிகுதியாகத் தின்ற பிராணி சில மணி நேரத்தில் அசைபோடுவதை நிறுத்தும். வயிறு உப்பி நீர் குலுங்கும் ஒலி கேட்கும். பல்லை நறநறவெனக் கடிக்கும். புளித்த வாடையுடன் நீர்க் கழிச்சல் காணும். பின் தள்ளாடிப் படுத்துவிடும். அது தின்றது தெரிந்தவுடனே, குறி காணும்வரை காத்திராமல், மிருக வைத்தியரை அழைக்கவேண்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவியும் கிடைக்கும். இடையில் எஞ்சிய பழத்தையும் மாவுத் தீவனத்தையும் அகற்றி, வைக்கோல் மட்டும் வைக்கலாம். தண்ணீரை வயிறு நிரம்ப ஒரேயடியாகக் குடிக்க விடலாகாது. ஆப்பச் சோடா இதற்கு நல்ல மருந்தேயாயினும் அளவை வைத்தியரே சொல்லவேண்டும். எண்ணெயையும் கஷாயத்தையும் மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினால், தள்ளாடும் மாட்டின் நுரையீரலில் புகுந்து வேறொரு நோயால் கொல்லும். தொண்டை அடைத்தால் கோல் விட்டுக் குத்துவதும் அவ்வாறே ஆபத்து. சீமைப் பெருச்சாளிக்கும் முயலுக்கும் மனிதருக்குரிய பென்ஸிலின் ஜாதி மருந்துகளை வீட்டிலேயே கொடுப்பது, நோயைவிட விரைவில் உயிரை வாங்கும்.

திடீரென்று இறந்த பிராணியின் மூக்கு, வாய், ஆசனத் துவாரங்களில் இரத்தம் கசிந்தால், பழத்தின்மேல் பழி போட்டு உடலைத் திறந்துவிடலாகாது. அது அடைப்பானாக இருக்கலாம். அந்நோய் மனிதரையும் தொற்றும். உடலைத் தொடாமல் உடனே தெரிவிப்பதே கடன்.

உத்தியோகஸ்தர் செய்யத்தக்கவை

இவ்வளவும் தனி மனிதரின் ஜாக்கிரதையால் முடியாது. காற்றடித்து வாழை சாய்ந்தவுடன் பயிர் நஷ்டத்தைக் கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலர், சாய்ந்த குலைகள் எங்கே போகின்றன என்பதையும் கேட்கலாம். திறந்த குவியல் கூடாது என்று ஊராட்சி மன்றம் ஊரில் அறிவிக்கலாம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, மிஞ்சிய சோற்றையும் பழத்தையும் மாட்டுக்குக் கொட்டலாகாது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு ஊரிலும் ஒலிக்கவேண்டும். கோயில்களில் பசுவுக்குப் பழம் கொடுப்பவர் ஒவ்வொருவரும் ஒன்றுதான் கொடுக்கின்றனர். ஆனால் நூறு பேர் கொடுத்தால் ஒரே பசு நூறு பழம் தின்கிறது. பழத்தை ஒரு கூடையில் வாங்கிவைத்து, பல வேளையாகப் புல்லோடு கொடுப்பதில் பக்திக்கு ஒரு குறையும் வராது. திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் 2012 ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், கிள்ளிகுளத்து விவசாயக் கல்லூரியும் அருகிலேயே இருக்கின்றன. காயை உலர்த்தும் முறையையும் குழித் தீவனம் போடும் முறையையும் ஊரில் செய்து காட்டும்படி அவற்றை அழைப்பது ஊராரின் உரிமை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எல்லாரும் சொல்லும் பழமொழி. சொல்பவர் தொகை மிகுதி. தொழுவத்தில் அதை நடத்திக் காட்டுபவர் தொகை குறைவு. வாயில்லாப் பிராணி தனக்கு எவ்வளவு போதும் என்று சொல்லமாட்டாது. இனிப்பை வேண்டாமென்று தள்ளவும் அறியாது. அதற்காக அளவு பார்க்கும் பொறுப்பு அதை வளர்ப்பவருடையது. பழத்தைக் குவித்துப் பிறர் ஆட்டுக்குத் தீங்கு வராமல் காக்கும் பொறுப்பு நிலமுடையவருடையது. இவ்விரண்டும் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பது கிராம உத்தியோகஸ்தர் கடமையாகும்.